ஐந்நூறு மீட்டர் 433 ஆன கதை: ஒரு வரைபடப் பிரிவின் திறன் மதிப்பீடு குறித்த நிகழ்வு ஆய்வு

நடந்தது

ஒரு கள ஆய்வாளரின் போனில்தான் இது ஆரம்பித்தது. குடிநீர்க் கிணறுகளைச் சுற்றி 500 மீட்டருக்குள் கழிவுநீர்த் தொட்டி வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் ஒரு கடிதம் போகவேண்டியிருந்தது. வீடுகளின் பட்டியலை எங்கள் வரைபடப் பிரிவு எடுத்துக் கொடுத்திருந்தது. அவர் ஒரு கிணற்றடியில் நின்றுகொண்டு பேசினார்: "இங்கே ஒரு வீடு இருக்கு, தொட்டியும் இருக்கு, பட்டியல்ல மட்டும் இல்லை. சக்கரத்தை உருட்டிப் பார்த்துட்டேன். ரோடு வழியாவே 470 மீட்டர்தான் வருது."

ரோடு வழியாக 470 என்றால் நேர்கோட்டில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கமுடியும். வீட்டின் புள்ளி வரைபடத்தில் தவறான இடத்தில் விழுந்திருக்கும் என்று முதலில் நினைத்தோம். திறந்து பார்த்தால் வீடு அதன் இடத்தில்தான் இருந்தது. ஆனால் கிணற்றைச் சுற்றி வரைந்த வட்டத்துக்கு வெளியே.

இதை எழுதும் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரிவின் பயிற்சியும் திறன் மதிப்பீடும் என் பொறுப்பு. யாருக்கு என்ன தெரியும் என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். பட்டியலைத் தயாரித்த ஆபரேட்டருக்கு நான்கு வருட அனுபவம், பிரிவிலேயே வேகமான கை. படிவத்தில் "பஃபர் உருவாக்கத் தெரியும்" என்ற வரிக்கு நேரே அவருக்கு "ஆம்" என்று நான்தான் எழுதியிருந்தேன். பஃபர் என்பது ஒரு புள்ளியையோ கோட்டையோ சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு வரையும் எல்லை. அலுவலகத்தின் பெயரும் ஆட்களின் பெயர்களும் இங்கே தேவையில்லை. ஆபரேட்டர், புதியவர், சர்வேயர் என்றே குறிப்பிடுகிறேன்.

ஆபரேட்டர் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் அளக்கும் டூலை எடுத்தார். கிணற்றில் ஒரு கிளிக், வட்டத்தின் விளிம்பில் ஒரு கிளிக். 500 என்று காட்டியது. "பாருங்க சார், சரியாத்தானே இருக்கு?" என்றார். அந்த அளவுப் பெட்டியில் கார்ட்டீசியன், எலிப்சாய்டல் என இரண்டு தேர்வுகள் உண்டு. முதலாவது, தட்டையாக விரித்த தாளின் மேல் அளக்கும். இரண்டாவது, பூமியின் வளைவின் மேல் அளக்கும். அவருடைய பெட்டி முதலாவதில் நின்றிருந்தது. மாற்றச் சொன்னேன். அதே இரண்டு புள்ளிகளுக்கு இப்போது 433 வந்தது. அவரே வடக்குப் பக்கம் விளிம்புக்கு இழுத்துப் பார்த்தார். 431. திரையில் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல உருண்டையாக நின்ற வட்டம் தரையில் முழு வட்டமாகக்கூட இல்லை. கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை.

ஏன் 433

எங்கள் வேலைப் பகுதி 30 பாகை அட்சரேகையை ஒட்டி இருந்தது. விஷயத்தின் வேர் அங்கேதான்.

கிணறுகளின் புள்ளிகள் ஜிபிஎஸ்ஸிலிருந்து வந்தவை. அட்சரேகை, தீர்க்கரேகை என்று பாகையில் இருந்தன. அதை அப்படியே வைத்துப் பஃபர் போட்டால் மென்பொருள் தூரத்தையும் பாகையில்தான் எடுத்துக்கொள்ளும், 500 என்று அடித்தால் 500 பாகை. அட்சரேகையில் ஒரு பாகையே சுமார் 111 கிலோமீட்டர். இது ஆபரேட்டருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஆகவே மீட்டரில் அளக்கும் ஒரு ப்ரொஜெக்ஷனுக்கு, அதாவது உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் ஒரு முறைக்கு, புள்ளிகளை மாற்றினார். அதுவரை எல்லாம் சரி.

எந்த ப்ரொஜெக்ஷன்? அங்கேதான் சறுக்கல். பின்னணிக்காக ஒரு இணைய வரைபடத்தை முதலில் ஏற்றியிருந்தார். புது ப்ராஜெக்டில் முதலில் ஏறும் லேயரின் (தரவு அடுக்கின்) ப்ரொஜெக்ஷனையே ப்ராஜெக்ட் எடுத்துக்கொள்ளும், அமைப்பை யாரும் மாற்றாதவரை. அதனால் ப்ராஜெக்ட் வெப் மெர்கேட்டரில், அதாவது ப்ரொஜெக்ஷன்களுக்கு எண் தரும் ஈபிஎஸ்ஜி பட்டியலின் 3857-இல் நின்றது. புள்ளிகளையும் அதற்கே மாற்றினார். அலகு "மீட்டர்" என்று காட்டியது. 500 என்று அடித்தார். சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை. வட்டங்கள் வந்தன, வீடுகள் சிக்கின, பட்டியல் ரெடி.

வெப் மெர்கேட்டரில் எழுதியிருக்கும் மீட்டர் பூமத்திய ரேகையில்தான் மீட்டர். அங்கிருந்து விலக விலக எல்லாம் ஊதும். எவ்வளவு ஊதும் என்பது அட்சரேகையின் கோசைனைப் பொறுத்தது. 30 பாகையில் நீளம் ஒன்றுக்கு 1.15 மடங்கு, 60 பாகையில் இரண்டு மடங்கு. பரப்பு என்றால் அந்த மடங்கின் வர்க்கம். திரையின் 500 மீட்டர் தரையில் 433 ஆவது இப்படித்தான். பரப்பில் பார்த்தால் நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. ஒரு கிணற்றுக்கு 78.5 ஹெக்டேர் வரவேண்டிய இடத்தில் 59-க்கும் கொஞ்சம் குறைவு. விட்டுப்போன 20 ஹெக்டேர் வளையத்தில்தான் அந்த வீடு இருந்தது, அதுபோல மற்ற கிணறுகளைச் சுற்றியும்.

இந்த ப்ரொஜெக்ஷனுக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. இணைய வரைபடங்களைச் சதுர ஓடுகளாக வெட்டி வேகமாகக் காட்டுவதற்காக வந்தது இது. ஈபிஎஸ்ஜி பட்டியலைப் பராமரித்தவர்கள் முதலில் இதற்கு எண் தர மறுத்தார்கள். நிரலாளர்கள் தாங்களாகவே 900913 என்று ஒரு எண் வைத்துக்கொண்டார்கள், ஆங்கிலத்தில் கூகுள் என்று எழுதினால் வரும் எழுத்துகளின் சாயலில். கேலியாக வைத்த எண் என்றாலும் அதில் ஒரு எச்சரிக்கை இருந்தது. பிறகு அதிகாரபூர்வ எண்ணும் வந்தது, எச்சரிக்கை மறந்துபோனது. அளப்பதற்காக யாரும் இதைச் செய்யவில்லை.

யூடிஎம்முக்கு மாற்றியிருந்தால் பிரச்சினையே இல்லை. பூமியை 6 பாகை அகலத்தில் 60 மண்டலங்களாகப் பிரிக்கும் அந்த முறையில், சரியான மண்டலத்துக்குள் நின்றால் 500 மீட்டருக்கு அரை மீட்டர்கூடப் பிசகாது.

தேர்ச்சி பெற்றவர்

ஆபரேட்டரைக் கேட்டேன், கோபமாக இல்லை. "ஏன் அதை எடுத்தீங்க?"

"மீட்டர்னு போட்டிருந்துது சார். நீங்க நடத்தின டெஸ்ட்லயும் மீட்டர் இருக்கான்னு பாருங்கன்னுதானே சொன்னீங்க."

சொன்னேன்தான். பழைய மதிப்பீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். லேயர் சேர்க்கத் தெரியுமா, பஃபர் போடத் தெரியுமா, இரண்டு லேயரை வெட்டி எடுக்கத் தெரியுமா, டேபிளை இணைக்கத் தெரியுமா, லெஜண்டுடன் வரைபடம் அச்சிடத் தெரியுமா. ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. சோதனைக்கு நான் கொடுத்த தரவு நானே துடைத்து வைத்தது. எல்லா லேயரும் ஒரே யூடிஎம் மண்டலத்தில், எல்லாக் குறியீடும் ஒழுங்காக, ஒரு பலகோணம்கூட முறுக்கிக்கொள்ளாமல். அந்தத் தரவில் தப்புச் செய்யவேண்டும் என்றால் மெனக்கெட்டுத்தான் செய்யவேண்டும். நீச்சல் தெரியுமா என்று தண்ணீர் இல்லாத குளத்தில் இறக்கிப் பார்த்த மாதிரி.

மருத்துவக் கல்வியில் ஜார்ஜ் மில்லர் 1990-இல் வைத்த பிரமிடு ஒன்று உண்டு. அடியில் "தெரியும்", அதற்குமேல் "எப்படி என்று தெரியும்", அதற்குமேல் "செய்து காட்டுவார்", உச்சியில் "செய்கிறார்". என் தாள் மூன்றாவது படியில் நின்றுவிட்டது, அதுவும் பாதிப் படியில். அமெரிக்கத் தொழிலாளர் துறை 2010-இல் வெளியிட்ட புவிவெளித் தொழில்நுட்பத் திறன் மாதிரியும் அடுக்கடுக்கானதுதான். அதில் அடிவாரத்தில் இருப்பது மென்பொருள் அல்ல, ஆளின் சொந்தக் குணங்களும் அடிப்படைக் கல்வியும்தான். தொழில்நுட்பம் மேலே வருகிறது. முன்பு இதைப் படித்தபோது சம்பிரதாயத்துக்கு எழுதியது என்று நினைத்தேன்.

இந்த வேலைக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பொருந்தாத ஸ்பேனரைப் போட்டால் கையிலேயே தெரிந்துவிடும், போல்ட்டில் வழுக்கும். வரைபட மென்பொருளில் அப்படி எதுவும் வழுக்காது. தவறான ப்ரொஜெக்ஷனிலும் அதே அழகான வட்டம்தான் வரும். மென்பொருள் சத்தம் போடும் பிழைகளை எல்லோரும் சமாளித்துவிடுகிறார்கள், இணையத்தில் தேடினால் பதில் கிடைக்கும். அது வாயைத் திறக்காத இடத்தில் யார் நின்று பார்க்கிறார் என்பதைத்தான் நான் சோதித்திருக்கவேண்டும்.

புது சோதனை

புதிதாக ஒரு வேலையைத் தயார் செய்தேன். எந்த டூலின் பெயரும் அதில் இல்லை. பக்கத்து மேசை அதிகாரி கேட்பதுபோல நான்கு வரிதான்: "இந்த ஓடையின் இருபுறமும் 100 மீட்டருக்குள் வரும் நிலத்துண்டுகளின் பட்டியல் வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு பரப்பு உள்ளே விழுகிறது என்பதும் வேண்டும். உரிமையாளர் பெயரைச் சேர்த்துக் கொடுக்கவும். சாயங்காலத்துக்குள் போதும்."

தரவுக் கோப்புறையில் வேண்டுமென்றே கொஞ்சம் குப்பை போட்டேன். ஓடையின் ஷேப்ஃபைல் என்ற வரைபடத் தரவுத் தொகுப்பிலிருந்து பிஆர்ஜே கோப்பை நீக்கிவிட்டேன். எந்த ஆயத்தொலை முறை என்று சொல்லும் கோப்பு அது, அது இல்லாவிட்டாலும் ஷேப்ஃபைல் திறக்கும். உரிமையாளர் பட்டியலை எக்செல்லில் ஒருமுறை திறந்து சேமித்தேன். 00417 என்று இருந்த துண்டு எண் 417 ஆகிவிட்டது. நிலத்துண்டுகளைக் காட்டும் இரண்டு பலகோணங்களை வில்முடிச்சுபோல நடுவில் முறுக்கிவிட்டேன்.

மூன்று பேரும் தனித்தனியாகச் செய்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல், என்ன செய்கிறார்கள் என்பதைவிட எங்கே நிற்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

புதியவர் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கோப்புகளை ஏற்றினார். ஓடை எங்கேயோ கடலில் போய் விழுந்தது. பதறாமல் லேயரின் முறையை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்த்தார், நான்காவது முயற்சியில் ஓடை நிலத்துண்டுகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது. சரியான முறைதான், ஆனால் ஏன் அது சரி என்று அவரால் சொல்லமுடியவில்லை. பஃபரை வெட்டும்போது "செல்லாத வடிவம்" என்று மென்பொருள் நின்றது. இணையத்தில் தேடினார். செல்லாத வடிவங்களைத் தவிர்த்துவிட்டுத் தொடரலாம் என்ற அமைப்பைக் கண்டுபிடித்தார், மாற்றினார், வேலை முடிந்தது. இரண்டு நிலத்துண்டுகள் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் மறைந்தன. உள்ளே போன துண்டுகள் எத்தனை, வெளியே வந்தவை எத்தனை என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. மென்பொருள் சத்தம் போட்ட ஒரே இடத்தில் அதன் வாயை அடைத்துவிட்டு நகர்ந்தார் என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன். கடுமையான வாக்கியம்தான். ஆனால் இது அவருடைய தனிப்பட்ட குணம் அல்ல, இணையத்தில் கிடைக்கும் பாதி விடைகள் அந்த வழியைத்தான் காட்டுகின்றன.

ஆபரேட்டர் ஒருமுறை சூடுபட்டவர். ப்ரொஜெக்ஷனில் பத்து நிமிடம் செலவழித்தார். எல்லா லேயரையும் ஒரே யூடிஎம்முக்குக் கொண்டுவந்தார். முறுக்கிய பலகோணங்களைச் சரிசெய்யும் டூலை ஓட்டினார், ஓட்டியபின் அந்த இரண்டையும் திறந்து கண்ணாலும் பார்த்தார். இது பெரிய விஷயம். வில்முடிச்சுப் பலகோணத்தின் இரண்டு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் சுற்றுவதால், பரப்பைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரத்தில் ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடும். சரிசெய்யும் டூல் அதை இரண்டு முக்கோணங்களாகப் பிரித்துவைக்கும், ஆனால் நிலத்தின் உண்மையான எல்லை எது என்று அதற்குத் தெரியாது. பிறகு உரிமையாளர் டேபிளை இணைத்தார். பூஜ்யத்தில் தொடங்காத எண்களெல்லாம் பொருந்தின. மேலே தெரிந்த இருபது வரிசையில் பெயர்கள் இருந்தன. கீழே உருட்டவில்லை. பூஜ்யத்தில் தொடங்கிய அத்தனை துண்டுகளுக்கும் பெயர் காலியாகவே போயிற்று.

சர்வேயர் மூத்தவர். மேசையில் மை வைத்து வரைந்த காலத்திலிருந்து வந்தவர், ஒற்றை விரலால் தட்டச்சு செய்வார். பழைய மதிப்பீட்டில் "உதவி தேவை" என்று அவருக்கு எழுதியிருந்தேன். கோப்புகளை ஏற்றுமுன் ஓடைப் புள்ளிகளின் எண்களை டேபிளில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வடக்கு மதிப்பு 33 லட்சத்துச் சொச்சம். தாளின் ஓரத்தில் பெருக்கினார். "பூமத்திய ரேகையிலிருந்து 3,320 கிலோமீட்டர். 30 பாகைக்குச் சரியா இருக்கு. அப்போ இது யூடிஎம். அந்த இன்டர்நெட் சமாச்சாரமா இருந்தா 35 லட்சம் வந்திருக்கும்." பிறகு நிமிர்ந்து, "எந்த மண்டலம்? எண்ணைப் பார்த்தா தெரியாது. பக்கத்து மண்டலத்துலயும் இதே எண் வரும்" என்றார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருந்தேன், பதில் சொன்னேன்.

அடுத்த கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "100 மீட்டர் எங்கேயிருந்து? ஓடையோட நடுக்கோட்டுலயிருந்தா, கரையிலயிருந்தா?"

ஓடை ஒற்றைக் கோடாகத்தான் வரைந்திருந்தது. நிஜத்தில் அதற்கு அகலம் உண்டு. நடுக்கோட்டிலிருந்து அளந்தால் ஒவ்வொரு பக்கமும் பாதி அகலம் அளவுக்கு நிலம் விடுபடும். சோதனையை எழுதிய எனக்கே இது தோன்றவில்லை. "தெரியவில்லை, கேட்டவரிடம்தான் கேட்கவேண்டும்" என்றேன். "அப்போ கேட்டுட்டு ஆரம்பிக்கலாம்" என்று கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் அவர் முடிக்கவில்லை. பஃபர் டூல் எந்த மெனுவில் இருக்கிறது என்று இருமுறை கேட்டார். முடிவை ஷேப்ஃபைலாகச் சேமித்தபோது டேபிளின் நெடுவரிசைப் பெயர்கள் பத்து எழுத்தோடு வெட்டுப்பட்டதையும் கவனிக்கவில்லை. பழைய தாளில் மறுபடியும் தோற்றிருப்பார்.

அப்புறம்

யாரையும் வேலையிலிருந்து மாற்றவில்லை. ஆபரேட்டருக்கு மெமோ கொடுக்கலாமா என்று மேலிடத்தில் பேச்சு வந்தது. அவர் வைத்திருந்த தகுதிச் சான்றிதழில் என் கையெழுத்து இருப்பதால் மெமோ எனக்கும் சேர்த்து வரட்டும் என்றேன், பேச்சு அடங்கிவிட்டது. வீட்டுப் பட்டியலை யூடிஎம்மில் மறுபடி எடுத்து, விட்டுப்போனவர்களுக்கு ஒரு வருத்தக் குறிப்போடு கடிதம் போனது.

மதிப்பீட்டை மாற்றினோம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடந்து முடிந்த ஒரு உண்மையான வேலையை எடுத்து, செய்தவரே முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு படியிலும் ஏன் அதைத் தேர்ந்தார் என்று சொல்லவேண்டும். கியூஜிஐஎஸ் ஓட்டிய டூல்களின் வரலாறு அதிலேயே இருக்கும் என்பதால் ஞாபகத்தை நம்பவேண்டியதில்லை. வேலைக்கு முன் கையால் ஒரு தோராயக் கணக்கு, வேலைக்குப் பின் உள்ளே எத்தனை வெளியே எத்தனை என்ற எண்ணிக்கை. இவை இரண்டும் இல்லாத வேலை வெளியே போகாது. சர்வேயரையும் புதியவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தேன். ஒருவர் கேட்கிறார், மற்றவர் மெனுவைத் திறக்கிறார். வேகம் குறைந்திருக்கிறது. அதைப் பற்றி மாதாந்திரக் கூட்டத்தில் புகார் வருகிறது, வரட்டும்.

ஆபரேட்டர் ஒருநாள் லேப்டாப்போடு வந்தார். திருத்திய கிணற்று வட்டங்களின் பரப்பைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறார், யாரும் சொல்லாமலே. "ஒரு வட்டத்துக்கு 78.5 ஹெக்டேர் வரணும்னு கைக்கணக்கு சொல்லுது சார். எல்லாத்துக்கும் 77-ம் சொச்சமும்தான் வருது. ஒரு ஹெக்டேருக்கு மேல எங்கேயோ போகுது."

இருவருமாகத் தேடினோம். ப்ரொஜெக்ஷன் சரி, ஆரம் சரி. கடைசியில் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தபோது புரிந்தது: அது வட்டமே இல்லை. பஃபர் டூலில் கால் வட்டத்துக்கு எத்தனை துண்டுக் கோடுகள் என்று ஒரு எண் உண்டு, இயல்பாக 5 என்று இருக்கும். ஆக எங்கள் வட்டம் இருபது பக்கப் பலகோணம். மூலைகள் 500 மீட்டரில் இருந்தாலும் ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஆறு மீட்டர் உள்வாங்கியிருந்தது. அந்த எண்ணைக் கூட்டி மறுபடி ஓட்டினோம். இன்னும் இரண்டு வீடுகள் உள்ளே வந்தன.

இரண்டு கடிதங்கள் அன்றே போயின. பணியாளர் பிரிவுக்கு அனுப்பவேண்டிய வருடாந்திரப் படிவத்தை மாற்றிக் கேட்டிருந்தேன், இன்னும் மாறவில்லை. அதில் ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்கள்தான் இருக்கின்றன. ஆபரேட்டரின் பெயருக்கு நேரே, பஃபர் என்ற வரியில், இந்த வருடமும் "ஆம்" என்றே எழுதி அனுப்பினேன்.